பெயரில்லாத பட்டன்

"படம். படம். பெயரில்லாத பட்டன். படம். பெயரில்லாத பட்டன்."

வேணி விரலைத் தள்ளத் தள்ள, போன் இதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கிற பந்தல்குடி லாரி புக்கிங் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிபன் டப்பாவைக்கூடத் திறக்காமல், நூல்வாசல் என்கிற ஆன்லைன் சேலைக்கடையோடு அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கண் தெரியாதவர்களின் போனில் ஒரு குரல் இருக்கும். திரையில் விரல் படுகிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசித்துக் காட்டும். எழுதியிருந்தால்தானே வாசிக்கும்? நூல்வாசலில் நூற்றுக்கணக்கான சேலைகளுக்குப் படம் இருந்தது. ஒரு படத்துக்கும் ஒரு வார்த்தை கிடையாது. விலையைக்கூடப் படத்துக்குள்ளேயே பொறித்து வைத்திருந்தார்கள். கூடையில் போடுகிற பட்டன் எது, பணம் கட்டுகிற பட்டன் எது என்று அந்தக் குரலுக்கும் தெரியாது. அது என்ன செய்யும் பாவம், பெயரில்லாத பட்டன் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

வேணிக்கு அந்தக் கடையில் ஒரே ஒரு சேலை வேண்டும். மயில்கழுத்துக் கலரில், அரக்கு பார்டர் போட்டது. பரீட்சை எழுதி, திருச்சுழி தாலுகா ஆபீஸில் இளநிலை உதவியாளர் வேலை வாங்கியிருந்தாள். வேலையில் சேருகிற நாளில் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அதை அவளே எடுக்க வேண்டும். இதில் வேறு ஒருத்தர் கையும் படக்கூடாது.

அவளுக்குக் கண் போனது பத்து வயதில், ஒரு விஷக் காய்ச்சலில். அதற்குள் பார்க்க வேண்டிய கலரையெல்லாம் பார்த்துவிட்டாள். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் பிறந்த பிள்ளை, அப்பாவுக்குச் சாயப் பட்டறையில் வேலை. வெங்காயக் கலர், மாம்பழக் கலர், அரக்கு, மயில்கழுத்து என்று இருபது வருஷமாக எதுவும் வெளுக்காமல் அவளுக்குள் இருந்தது. அதிலும் நீலமும் பச்சையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கிற மயில்கழுத்து என்றால் அவளுக்கு உயிர்.

இதைச் சொன்னால் யாருக்குப் புரிகிறது? "ஒனக்கு எதுக்குத்தா கலரு" என்று கேட்காதவர்கள் ஊரில் குறைவு. கேட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அதுதான் எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம்.

போன தீபாவளிக்குத் தன் சம்பளத்தை மதினி சத்யபிரியாவிடம் கொடுத்து, மயில்கழுத்தில் ஒரு சேலை எடுத்து வரச் சொன்னாள். மதினியும் எடுத்து வந்தாள். "மயில்கழுத்துதான். ஒனக்குப் பாந்தமா இருக்கு" என்றாள். வேணி அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள், கல்யாண வீடுகளுக்குப் போனாள், பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மயில்கழுத்துல அரக்கு பார்டரு, எப்படி இருக்கு?" என்று வாய் கொள்ளாமல் கேட்டாள். எல்லாரும் நல்லாயிருக்கு என்றார்கள். ஆடி பிறக்கிற சமயத்தில், தூத்துக்குடிக்கு லோடு அடிக்கிற டிரைவர் மொக்கையன்தான் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"தாயி, தப்பா எடுத்துக்காத. இது மயில்கழுத்து இல்ல. சந்தனம். பார்டரும் அரக்கு இல்ல, காப்பிப்பொடி."

அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. அவள் வாயால் சொன்ன கலரையும் மேலே கட்டியிருந்த கலரையும் ஒரு ஊரே இத்தனை மாதமாகப் பார்த்துவிட்டு, உச்சுக்கொட்டிக்கொண்டு போயிருக்கிறது. மதினியைப் பிடித்துக் கேட்டபோது, "அடிக்கிற கலரக் கட்டிக்கிட்டு நீ குச்சியத் தட்டித் தட்டி நடந்தா எல்லாரு கண்ணும் ஒம்மேலதான் இருக்கும். சந்தனம்னா அடக்கமா இருக்கும்னு எடுத்தேன்" என்றாள். அதையும் பாசத்தோடுதான் சொன்னாள். அந்தப் பாசத்தை என்ன செய்வது என்று வேணிக்குத் தெரியவில்லை.

கடைக்கு நேரில் போனால் மட்டும் என்ன வாழ்கிறது? சேலையைப் பிரித்துப் போடுகிறவர் கூட வந்தவரைப் பார்த்துத்தான், "இவுகளுக்கு என்ன மாதிரி வேணும்?" என்பார். கலர் சொல்லும் ஆப் ஒன்றும் போனில் வைத்திருந்தாள். அது வெயிலில் ஒன்று சொல்லும், டியூப் லைட்டில் ஒன்று சொல்லும். அவளுடைய கறுப்புக் குடையை ஒருமுறை பச்சை என்றது. கடைக்காரனே எழுத்தில் எழுதி, விற்கிற பொருளுக்கு நான் பொறுப்பு என்று போட்டிருந்தால் அதை நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் இந்த மல்லுக்கட்டு.

நூல்வாசலை நடத்துகிற பாலமணிகண்டன் அவள் தெருக்காரன்தான். மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் சேலைக்கடையை ஆன்லைனில் ஏற்றியவன். வேணியின் அண்ணன் ரங்கராஜ் விசைத்தறியில் நெய்கிற சேலைகளும் அவன் வழியாகத்தான் போகின்றன. அவனுக்கே போன் போட்டாள்.

"தம்பி, வேணி பேசுறேன்."

"சொல்லுங்கக்கா. வேலை கெடச்சிருச்சுன்னு அண்ணன் சொன்னாப்ல. ரொம்ப சந்தோசம்."

"ஒங்க சைட்டுல சேல எடுக்கணும். என் போனு வாசிக்க மாட்டேங்குது. ஒவ்வொரு படத்துக்கும் என்ன சேல, என்ன கலருன்னு எழுத்துல போடணும். பட்டனுக்கெல்லாம் பேரு வைக்கணும். பெரிய வேல இல்ல, ஒங்களுக்கே தெரியும்."

"அதுக்கு எதுக்குக்கா இம்புட்டு சிரமம்? போன மதினிகிட்டக் குடுங்க, அவுக பாத்துப் போட்ருவாக."

"மதினிக்கு வேணும்னா மதினி போட்டுக்கிருவாக. இப்ப எனக்கு வேணும்."

"இல்லக்கா, ஒங்கள மாதிரி எத்தன பேரு வாங்கப் போறாக? இதுவரைக்கும் ஒருத்தரும் வரலையே."

"கதவப் பூட்டி வச்சுக்கிட்டு ஆளு வரலங்கிறீகளே தம்பி."

அவன் சிரித்தான். செய்துவிடுகிறேன் என்றான். செய்தான், அதையும் சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் கழித்து அவள் நூல்வாசலைத் திறந்ததும் போனுக்குள்ளிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. அது முடிந்ததும் ஒரு கனத்த ஆண் குரல். கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் சாட்டினால் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவரைக் கூட்டி வந்து பேசவைத்துப் பதிவு பண்ணியிருந்தார்கள். "அன்பார்ந்த மாற்றுத்திறனாளி வாடிக்கையாளப் பெருமக்களே, பெரியோர்களே, தாய்மார்களே, உங்களை வருக வருக என்று வரவேற்பது உங்கள் நூல்வாசல்" என்று அது ஆரம்பித்தது. கடையின் வரலாறு, முகவரி, பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வருவது, எல்லாம் சொன்னது. எந்தச் சேலை என்ன கலர் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது பேசி முடிக்கும் வரை அவள் போனின் குரல் எடுபடவே இல்லை. நிறுத்தலாம் என்று தடவினால், "பெயரில்லாத பட்டன்" என்று அதற்கடியில் ஈனசுரத்தில் கேட்டது.

புக்கிங் ஆபீஸில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேணியும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. இவள் கேட்டது எழுத்து. இவர்கள் கொடுத்தது மரியாதை. கேட்டதைக் கொடுக்காமல் தப்பிப்பதற்கு மரியாதையைவிட நல்ல வழி இந்த ஊரில் இல்லை.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, அவன் கடை மாடிக்கே போய்விட்டாள். பாலமணிகண்டன் நாற்காலி போட்டான், டீ வாங்கிவரச் சொன்னான்.

"டீ வேணாம். அந்த மைக் செட்ட மொதல்ல எடுங்க."

"அக்கா, எல்லாரும் பாராட்டுனாகக்கா. கேட்டவுக கண்ணு கலங்கிட்டாக."

"கேட்டவுகளுக்குக் கண்ணு இருக்கு, கலங்கும். எனக்குச் சேல வாங்கணும்."

அவனுக்கு முகம் செத்துப்போயிருக்க வேண்டும். பிறகு அங்கே பில் போடுகிற முனீஸ்வரியைக் கூப்பிட்டு, அக்கா சொல்கிறபடி எழுது என்றான். ராமலிங்கா மில் பக்கமோ எங்கேயோ இருந்து வருகிற பெண். குரலை வைத்துப் பார்த்தால் இருபது வயது இருக்கும். "எப்படிக்கா எழுதணும்?" என்று கேட்டாள். "ஒனக்கு ஒரு சிநேகிதி போன்ல கேட்டா எப்படிச் சொல்லுவ, அப்படி எழுது" என்றாள் வேணி. அவ்வளவுதான் சொன்னது.

அந்தப் பெண் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள். ஒரு நாள் மத்தியானம் வேணி விரலைத் தள்ளிக்கொண்டே வந்தபோது போன் வாசித்தது: "மயில்கழுத்துக் கலர் பருத்திச் சேலை. வெயிலில் பார்த்தால் பச்சை தூக்கலாக இருக்கும், நிழலுக்கு வந்தால் நீலம். பார்டர் அரக்கு, இரண்டு விரல் அகலம். முந்தியில் சின்னச் சின்னக் கட்டம்."

வேணி அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டுக் கேட்டாள். இருபது வருஷத்துக்குப் பிறகு ஒருத்தர் அவளுக்கு ஒரு கலரைக் காட்டியிருக்கிறார். அடுத்த பட்டன் "கூடையில் போடு" என்றது. அதற்கடுத்தது "பணம் கட்டு" என்றது. கட்டினாள். "உங்கள் ஆர்டர் உறுதியானது, வேணி" என்றது போன். அன்றைக்கு ஆறிப்போன சாம்பார் சாதம் அத்தனை ருசியாக இருந்தது.

பார்சல் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தது. அவள் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் மதினி பிரித்து வைத்துவிட்டாள்.

"நீ போட்ட சேல வந்துருச்சு வேணி. மயில்கழுத்துதான். அம்சமா இருக்கு."

வேணி தடவிப் பார்த்தாள். நல்ல பருத்தி. பார்டர் இரண்டு விரல் அகலம். முந்தியில் கட்டம் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஆனால் மதினியின் குரலில் ஒரு அவசரம் இருந்தது. சமையல்கட்டில் பால் பொங்கவில்லை, ஒன்றுமில்லை. எதற்கு இந்த அவசரம்? வேணி சேலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ஆபீஸில் மொக்கையன் லோடுச் சீட்டு வாங்க வந்தபோது எடுத்து மேஜையில் விரித்தாள்.

"அண்ணே, இது என்ன கலரு?"

மொக்கையன் தொண்டையைச் செருமினார். "நான் என்னத்தச் சொல்ல தாயி. போன தடவ சொன்னதுக்கே ஒன் மொகத்தப் பாக்க முடியல" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"சந்தனந்தான்."

அந்தத் தெருவின் பல நெசவாளர் குடும்பங்களைப் போல, வீட்டுக்குள் அவர்கள் பேசுவது கன்னடம். சண்டை மட்டும் எப்போதும் தமிழில்தான் நடக்கும். தமிழில் திட்டினால்தான் திட்டின மாதிரி இருக்கும் என்று அவர்கள் அப்பா சொல்லுவார். அன்று சாயங்காலம் வேணி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தமிழில் ஆரம்பித்தாள்.

"கடைக்காரன் தப்பா அனுப்பிட்டானா, இல்ல யாராச்சும் தப்பா அனுப்பச் சொன்னீகளா?"

மதினி உள்ளே போய்விட்டாள். அண்ணன் ரங்கராஜ்தான் பதில் சொன்னான். அவனுக்குப் பொய் வராது. மதினியைச் சொல்லவிட்டுச் சும்மா இருப்பதுதான் வரும்.

"பாலமணி போன் போட்டான். அக்கா ஆர்டர் போட்ருக்காக, அடிக்கிற கலரா இருக்கு, தெரியாம எதையும் அமுக்கிட்டாகளோன்னு ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்னான். நாந்தான் அதே ரகத்துல சந்தனத்த அனுப்புன்னு சொன்னேன்."

"தெரியாமயா? ரெண்டு மாசமா அவன் உசுர வாங்குனது அந்த ஒரு சேலைக்கு. அவனுக்குத் தெரியாதா?"

"அவன் நல்லதுக்குத்தான் கேட்டான். மொதநா தாசில்தாரு முன்னால போயி நிக்கப்போற. நாலு பேரு ஒரு மாதிரி பேசிறக் கூடாதுல்ல."

"என் ஆர்டர மாத்த நீ யாருண்ணே?"

"ஒன் அண்ணன்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில். வேணிக்கு எதையாவது எடுத்து எறிய வேண்டும் போல இருந்தது. எறிந்தால் எங்கே விழும் என்று தெரியாததால் எறியவில்லை. அண்ணன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் தூக்கி வைத்திருந்தது, பரீட்சைக்கு மதுரை வரை கூட்டிப் போனது. எல்லாம் நிஜம். அதையெல்லாம் செய்தவன் அவளிடம் கேட்காமல் ஒன்றை மாற்றலாம் என்று எந்த ஊர்ச் சட்டத்தில் இருக்கிறது?

சரி, திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி வாங்குவோம் என்று மொட்டை மாடிக்குப் போய் நூல்வாசலைத் திறந்தாள். "உங்கள் ஆர்டர்" என்று வாசித்தது. "சேலை ஒப்படைக்கப்பட்டது" என்று வாசித்தது. அதற்குக் கீழே விரல் போனதும் போன் சொன்னது: "பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன். பெயரில்லாத பட்டன்."

முனீஸ்வரிக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் மென்று விழுங்கினாள்.

"பணம் கட்டுற வரைக்கும் பேரு வச்சாப் போதும்னு சொல்லிட்டாருக்கா. திருப்பி அனுப்புறது, ரத்துப் பண்றது, புகார் சொல்றது, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கிறலாம்னாரு."

காசு உள்ளே போகிற பட்டனுக்கெல்லாம் பெயர் வைத்தார்கள். காசு வெளியே வருகிற பட்டன் ஒன்றுக்கும் வைக்கவில்லை. வேணி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். மூன்றில் ஏதோ ஒன்றை அமுக்கிப் பார்க்கலாம்தான். எது எதற்கு என்று தெரியாமல் அமுக்கினால், தெரியாமல் அமுக்கிவிட்டாள் என்று அவர்கள் சொன்னது மெய்யாகிவிடும்.

அப்போதுதான் பாலமணிகண்டனே கூப்பிட்டான். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஒரு சின்ன விழா. பார்வையில்லாதவர்களும் தாங்களே சேலை வாங்குகிற வசதியை நூல்வாசல் கொண்டுவந்திருக்கிறது என்று அறிவிக்கப்போகிறார்கள். லோக்கல் சேனலில் இருந்து வருகிறார்கள். அக்காதான் சிறப்பு விருந்தினர். நம்ம ஊரில் அரசாங்க வேலை வாங்கின பெண், எங்கள் முதல் வாடிக்கையாளர், நீங்கள் வந்து ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றான்.

"வாரேன் தம்பி" என்றாள் வேணி. குரலில் ஒரு பிசிறும் இல்லை. மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்கு நிம்மதியாகிவிட்டது. தங்கச்சி கோபம் தணிந்துவிட்டாள் என்று நினைத்தான் அவன். கூடப் பிறந்து என்ன பிரயோசனம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். வேணியை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். கையில் கனமாக ஒரு நினைவுப் பரிசைத் திணித்தார்கள். தடவிப் பார்த்தால் கண்ணாடிச் சட்டம், என்ன எழுதியிருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. பாலமணிகண்டன் பேசினான். இந்தச் சகோதரியின் தன்னம்பிக்கைதான் எங்களுக்குத் தூண்டுகோல் என்றான். கைதட்டினார்கள். பிறகு மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள்.

வேணி எழுந்து நின்றாள். பையிலிருந்து சேலையை எடுத்து, உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டதால் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். இது நான் இந்தக் கடையில நானே வாங்குன சேல. இது என்ன கலரு?"

நாற்காலி ஒன்று இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒரு குழந்தை ஏதோ சொல்ல வாயெடுத்தது. யாரோ அதன் வாயைப் பொத்திவிட்டார்கள்.

"கேக்குறேன்ல. இத்தன பேரு கண்ணோட உக்காந்திருக்கீக. என்ன கலரு?"

பின்வரிசையிலிருந்து ஒரு பொம்பளைக் குரல், வெளியூர்க்காரி போல, "சந்தனக் கலருங்க" என்றது.

"நன்றிங்கக்கா. நான் ஆர்டர் போட்டது மயில்கழுத்து. கண்ணு தெரியாத பொம்பள மயில்கழுத்து கேட்டா அது தப்பாத்தான் இருக்கும்னு கடைக்காரத் தம்பி என் அண்ணனக் கேட்டாரு. என் அண்ணன் சந்தனத்த அனுப்பச் சொல்லுச்சு. பணம் கட்டுனது நானு. என்னைய யாரும் கேக்கல. திருப்பி அனுப்பலாம்னா அந்தப் பட்டனுக்குப் பேரு இல்ல. வாங்குறதுக்கு வசதி வந்துருச்சுன்னு சேனல்ல போடுங்க. ஏமாந்தா வெளிய வாரதுக்கு வசதி இல்லன்னு அதுக்குக் கீழ போடுங்க."

"அக்கா, உள்ள போயிப் பேசிக்கிறலாம்" என்றான் பாலமணிகண்டன், அவள் காதோரம். அவன் குரல் வற்றிப்போயிருந்தது.

"இங்கயே பேசுங்க தம்பி. விழா எடுத்தது நீங்கதான."

அவன் யாரையோ விரட்டினான். மாடிப்படியில் தடதடவென்று ஓடுகிற சத்தம், திரும்பி வருகிற சத்தம். அவள் கையில் இன்னொரு சேலையை வைத்தார்கள். அதே பருத்தி, அதே இரண்டு விரல் பார்டர், அதே கட்டம்.

"இதான்க்கா நீங்க கேட்ட மயில்கழுத்து. பணம் வேணாம். எங்க அன்பளிப்பா வச்சுக்கங்க."

வேணி அதைத் தடவினாள். முன்னால் வந்த சேலைக்கும் இதற்கும் விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கீழே முன்வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து வந்தான். "மயில்கழுத்துதான் வேணி. சத்தியமா" என்றான். மதினியும் சொன்னாள். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்; மயில்கழுத்துதாம்மா, மயில்கழுத்தேதான் என்று பந்தல் முழுக்கச் சொன்னது.

மெய்யாகத்தான் இருக்கும். இத்தனை பேர் பார்க்க இன்னொரு தடவை பொய் சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் இதே தெரு, இதே ஜனம், இதே வாய்கள்தான் தீபாவளியிலிருந்து ஆடி வரை அவள் சந்தனத்தைக் கட்டிக்கொண்டு மயில்கழுத்து என்று சொல்லித் திரிந்தபோது நல்லாயிருக்கு என்று சொன்னவை. மெய்யைச் சொன்னாலும் அவளால் நம்ப முடியாதபடி செய்துவிட்டார்களே, அதற்காக அவர்களை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

இரண்டு சேலைகளையும் மடித்தாள். ஒன்றின் மேல் ஒன்றாக மேஜையில் வைத்தாள். எது மேலே, எது கீழே என்று அவள் குறித்துக்கொள்ளவில்லை. சால்வையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

"எனக்கு இனாம் வேணாம் தம்பி. அந்தப் பட்டனுக்குப் பேரு வைங்க. நான் காசு குடுத்து வாங்குனத நானே திருப்பி அனுப்பிக்கிறேன். வேணும்னா நானே மறுபடி வாங்கிக்கிறேன்."

மைக்கை வைத்துவிட்டுக் குச்சியை விரித்தாள். அண்ணன் கையைப் பிடிக்க வந்தான். "விடு" என்றாள், விட்டான்.

மறுநாள் காலையில், வேலையில் சேருவதற்காக ஏறிய திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காந்தி நகர் தாண்டியதும் போனில் ஒரு குரல்செய்தி வந்தது. முனீஸ்வரி. "அக்கா, மூணு பட்டனுக்கும் பேரு வச்சுட்டேன். மொதலாளி சொல்லல, நானே வச்சேன். ஏசுனா ஏசிட்டுப் போறாரு. மேஜையில விட்டுட்டுப் போனீகள்ல, அந்தச் சந்தனச் சேலை எங்கிட்டத்தான் இருக்கு. நீங்க அமுக்குனா நான் வரவு வச்சுருவேன்."

வேணி நூல்வாசலைத் திறந்தாள். "சேலையைத் திருப்பி அனுப்ப" என்று போன் வாசித்தது. அமுக்கினாள். காரணம் கேட்டது. "கிழிந்திருக்கிறது. அளவு சரியில்லை. கலர் பிடிக்கவில்லை. மனம் மாறிவிட்டது." ஒன்றும் பொருந்தவில்லை. கடைசியில் "வேறு காரணம்" என்று இருந்தது. அதில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்: வாங்கியவள் நான். என்னைக் கேட்கவில்லை.

அனுப்பினாள். "பெற்றுக்கொண்டோம், வேணி" என்றது போன். மயில்கழுத்தை மறுபடி ஆர்டர் போடுகிற பட்டன் அதற்கடுத்து இருந்தது. அவள் விரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விலகியது.

கண்டக்டர் திருச்சுழி என்று குரல் கொடுத்தார். வேணி எழுந்து கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். காலையில் பீரோவைத் திறந்து கைக்கு வந்த பழைய சேலை ஒன்றை உருவிக் கட்டியிருந்தாள். அது என்ன கலர் என்று மதினியைக் கேட்கவில்லை, அண்ணனைக் கேட்கவில்லை, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அவள் நம்பியிருக்க மாட்டாள்.